கேட் கணக்கில் சேராது

ரென்சோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரயில்வே கேட்டைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

எங்கள் ஊர் ஆட்டோக்காரன் வில்சனின் வண்டியில் பின்சீட்டில் நானும் அவரும் இருந்தோம். எதிரே கேட் அடைத்துக் கிடந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மினி பஸ், வாழைக்குலை ஏற்றிய ஒரு டெம்போ, கொஞ்சம் பைக்குகள். மினி பஸ் டிரைவர் இறங்கி நின்று கடலை கொறித்துக்கொண்டிருந்தார். டெம்போக்காரர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கவே ஆரம்பித்துவிட்டார். ரோட்டோரக் கொல்லாமரத்தில் முந்திரிப்பழம் பழுத்திருந்தது. அந்த வாசனையும் டீசல் புகையும் கலந்து வந்தன. ரென்சோவைத் தவிர வேறு யார் முகத்திலும் அவசரம் இல்லை.

"குவாந்தோ ச்சி வுவோலே?" என்று என்னிடம் கேட்டார். எவ்வளவு நேரம் ஆகும் என்று அர்த்தம். அன்று காலையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வி அதுதான்.

நான் வில்சனிடம் கேட்டேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தா திறந்திருவான் டீச்சர். அஞ்சு நிமிசம்."

அதை அப்படியே இத்தாலிய மொழியில் சொன்னேன். சொல்லி வாயை மூடுவதற்குள் ரயில் ஒன்று தடதடவென்று போயிற்று. ரென்சோ நிமிர்ந்து உட்கார்ந்தார். கேட் திறக்கவில்லை. எதிரே வருகிற வண்டிக்கும் சேர்த்தே அடைத்திருக்கிறார்கள் என்று மினி பஸ் டிரைவர் எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, இன்னொரு பொட்டலம் கடலை வாங்கினார்.

ரென்சோ கடிகாரத்தை மணிக்கட்டிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்

ரென்சோ யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஜெபின் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் அப்பா. வடக்கு இத்தாலியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கை முழுவதும் கடிகாரத்தோடு குடும்பம் நடத்தியவர் என்று அவருடைய மகளே கேலி செய்வாள்.

மகள் பெயர் கியாரா. ஜெபின் பயணிகள் கப்பலில் சமையல்காரனாக இருந்தான். கப்பல் கரைக்கு வரும்போதெல்லாம் துறைமுக அலுவலகத்தில் ஒரு ஜன்னலுக்கு முன்னால் நின்று கையெழுத்துப் போட வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள். கையெழுத்துப் போடப் போனவன் கல்யாணம் பேசிவிட்டு வந்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டிக்கொண்டவர்கள் மாதிரி என்னிடம் வந்து வருத்தப்பட்டார்கள். நான் ஒரே நாளில் அவர்களைச் சரிக்கட்டிவிட்டேன். அவன் கப்பலை விட்டுவிட்டு ஊரோடு வந்து இருக்கப் போகிறேன் என்று சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.

அதுதான் முக்கியமான விஷயம். கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் எங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். முட்டம் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை போடுவார்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. பிள்ளை எந்தக் கடலில் இருக்கிறான் என்று தெரியாமல் மழை பெய்கிற ராத்திரிகளில் ஜெபம் செய்துகொண்டே கிடந்தவள் அவள்.

கியாராவின் அம்மா மரீசாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் வர முடியவில்லை. ரென்சோ மட்டும் மகளோடு வந்திறங்கினார்.

சிஸ்டர் அனுப்பிய பாடம்

உனக்கு இத்தாலிய மொழி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் இருந்தவள் கன்னியாஸ்திரீ ஆகி ரோமாபுரிக்குப் போய் பல காலம் ஆகிறது. தம்பி கல்யாணம் முடிவானதும் அவளைப் பிடித்தேன். அவள் அங்கே காய் நறுக்கிக்கொண்டே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். நான் இங்கே பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு முணுமுணுப்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் நான் வேதவசனம் சொல்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

நேரத்தைப் பற்றிய பாடம் வந்த நாள் எனக்கு நல்ல ஓர்மை இருக்கிறது.

"ஏட்டி ஷீலா, கேட்டுக்கோ. இங்க ஒரு காரியத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லதுக்கு ரெண்டு விதம் உண்டு. ச்சி வுவோலேன்னா, அந்தக் காரியம் கேக்குத நேரம். யாரு செஞ்சாலும் அவ்வளவு ஆகும். ச்சி மெத்தோன்னா, நான் எடுக்குத நேரம். உனக்கு வேற, எனக்கு வேற. ஒரு மணிக்கூறுன்னா வுவோலே. ரெண்டு மணிக்கூறுன்னா வோல்யோனோ. வெளங்குச்சியா?"

விளங்கியது. நான் இயற்பியல் டீச்சர். நேரத்தின் அலகு விநாடி என்று வருஷம் முழுவதும் பிள்ளைகளிடம் கத்துகிறவள். நேரத்தைப் பற்றி இத்தனை ஒழுங்காகப் பேசுகிற மொழி எனக்குப் பிடித்துப்போனது. பயிற்சிக்காக வீட்டில் கண்ணில் பட்டதற்கெல்லாம் நேரம் கேட்க ஆரம்பித்தேன்.

"அம்மா, இட்லி வேகதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"வெந்த பொறவு எடுக்கணும்."

"அது இல்லம்மா. எத்தன நிமிசம்?"

"இட்லியக் கேளு. என்கிட்ட எதுக்குக் கேக்க?"

இந்த வீட்டில் இத்தாலிய மொழிக்குப் பயிற்சி கிடைக்காது என்று அன்றே விட்டுவிட்டேன்.

அம்மாவின் அஞ்சு நிமிசம்

ரென்சோ வந்த மறுநாள் காலை புட்டும் பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு இன்னும் சில நாட்கள்தான். கையைத் துடைத்துவிட்டு, ஏதோ கோயிலில் நிற்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். இந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"எதுக்கு மக்கா? புட்டு ஒத்துக்கல்லியா?"

"அதெல்லாம் இல்லம்மா. சும்மா தெரிஞ்சுக்கதுக்குக் கேக்குதாரு."

"பக்கத்துலதான், அஞ்சு நிமிசம்னு சொல்லு. பயப்படாண்டாம்னு சொல்லு."

அஞ்சு கூட ஆகாது என்றான் ஜெபின் உள்ளேயிருந்து. வாசலில் நின்ற வில்சன், நம்ம வண்டியில் என்றால் மூணு என்றான். ஏலத்தில் கூடுகிற விலை எங்கள் வீட்டில் குறைந்துகொண்டே போனது. நான் அம்மா சொன்ன கணக்கையே எடுத்துக்கொண்டு, "ச்சி வோல்யோனோ ச்சிங்க்வே மினூத்தி" என்று அழகாக இலக்கணத்தோடு சொன்னேன்.

"போய்ப் பார்க்கலாம்" என்று எழுந்தார் ரென்சோ.

அப்படிப் போனபோதுதான் கேட்டில் மாட்டினோம்.

எதிர் வண்டியும் போய், கேட் திறந்து, இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கி, ஒருவழியாக ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். ரென்சோ கடிகாரத்தை என் முன்னால் நீட்டினார். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ச்சிங்க்வே?" என்றார், புருவத்தை உயர்த்தி. இதுவா அஞ்சு?

நான் வில்சனைப் பார்த்தேன்.

"கேட்டக் கழிச்சுப் பாத்தா அஞ்சுதான டீச்சர். கேட் கணக்குல சேராது."

அதையும் மொழிபெயர்த்தேன். ரென்சோ கோபப்படவில்லை. "சிஞ்ஞோரா, நான் வாழ்நாள் முழுவதும் ரயில்வேயில் இருந்தவன். கேட் ரோட்டின்மேல்தான் இருக்கிறது. அது எப்படிக் கணக்கில் சேராமல் போகும்?" என்றார்.

"சொகமில்லாத ஆளுன்னா அது வேற காரியம் டீச்சர்" என்று வில்சன் தலையைச் சொறிந்தான். அவன் சமாளிக்கிறான் என்று நினைத்து அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து ரென்சோ சொன்னார். கியாராவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. ஒரு பனிக்காலத்தில் இவர் வேலையில் இருந்தபோது அவளுக்கு மூச்சு நின்றுவிடுகிற மாதிரி வந்திருக்கிறது. மரீசா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறாள். "சூபித்தோ" என்றார்களாம். இதோ இப்போதே. அந்த 'இதோ இப்போதே' வந்து சேர்வதற்குள் பிள்ளை நீலமாகிவிட்டது. பிழைத்தது தெய்வச்செயல்.

"அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நான் ஆறுதலுக்காகக் கேட்பதில்லை. ஆறுதல் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்கு நேரம் மட்டும் தெரிய வேண்டும். அது தெரியாத இடத்தில் அவளை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவர் கேட்பதில் தப்பே இல்லை என்பதால் வந்த பயம்.

உண்மையின் பலன்

அன்று சாயங்காலம் முற்றத்தில் அப்பாவும் மகளும் சண்டை போட்டார்கள். கியாரா கையை வீசிப் பேசினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பேசினார். அம்மா அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"என்ன பறயுதாவ ரெண்டுவேரும்?"

"மீன்கறி நல்லா இருந்துச்சாம்."

"அதுக்கா இந்தச் சத்தம்?" என்றாள் அம்மா. ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது. ராத்திரி அவர் தட்டில் இன்னொரு துண்டம் விழுந்தது.

கடைசியில் கியாரா இறங்கி வந்தாள். கல்யாணம் முடியட்டும், அப்பாவுக்கு மனது சமாதானம் ஆகவில்லை என்றால் இத்தாலிக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லிவிட்டாள். ஜெபின் என்னிடம் வந்து, "அக்கா, அவ போனா நானும் போணும்" என்றான். அம்மாவிடம் சொல்லாதே என்று மட்டும் சைகை காட்டினான்.

நான் இயற்பியல் டீச்சர் அல்லவா? உண்மையைச் சொல்லிச் சரிசெய்துவிடலாம் என்று கிளம்பினேன். கேட் திறந்திருந்தால் இவ்வளவு, அடைத்திருந்தால் இவ்வளவு, எதிர் வண்டியும் சேர்ந்தால் இவ்வளவு என்று வுவோலே, வோல்யோனோ ஒன்றும் தவறாமல் ரென்சோவிடம் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"கிராசியே, புரொபெஸ்ஸோரெஸ்ஸா. நன்றி, டீச்சர். இந்த ஊரில் முதன்முதலாக நீங்கள்தான் உண்மை சொன்னீர்கள்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தோடு அவர் முடிவும் உறுதியாகிவிட்டது. உண்மை பேசி நான் சம்பாதித்தது அவ்வளவுதான்.

வத்தல் வறுத்த நாள்

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். பந்தல் போட்டாயிற்று. தோவாளையிலிருந்து பூ வந்து இறங்கி, முன்அறை முழுவதும் பிச்சியும் அரளியும் குவிந்து கிடந்தன. பின்பக்கம் சொந்தக்காரப் பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் அடுப்பில் பெரிய வார்ப்பை ஏற்றி, கறிமசாலாவுக்கு மிளகாய் வத்தலைக் கொட்டி வறுக்க ஆரம்பித்தார். காற்று திடீரென்று வீட்டைப் பார்த்துத் திரும்பியது.

எல்லோரும் இருமினோம். எல்லோருக்கும் இருமல் நின்றது. கியாராவுக்கு நிற்கவில்லை.

அவள் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து அடித்தாள். மறுபடியும் அடித்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு வெளுத்துவிட்டது. ரென்சோ அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, தானும் சேர்ந்து மெதுவாக மூச்சு விட்டுக் காட்டினார்.

வில்சன் ஆட்டோவை முற்றத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினான். ஜெபின் அவளைத் தூக்கி ஏற்றினான். நானும் ரென்சோவும் நெருக்கிக்கொண்டு ஏறினோம். வழியெல்லாம் வில்சன் திரும்பித் திரும்பி, "இந்தா வந்தாச்சு மோளே, அஞ்சு நிமிசம்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். எனக்கு அவன் வாயை அடைக்க வேண்டும்போல இருந்தது.

வளைவு திரும்பினோம். கேட் அடைத்திருந்தது.

ரென்சோவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் சொல்ல வேண்டும்.

வில்சன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், நின்ற வண்டிகளுக்கு வலப்பக்கமாக ஏறிப் போனான். "சொகமில்லாத ஆளு! மாத்தணும்!" என்று கத்தினான். முன்னாலிருந்த பைக்குகள் ஒதுங்கின. யாரோ கேட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்து, "ஏலே, ஆள மாத்தணும், வண்டியத் திருப்பு!" என்று கூவினார்கள்.

அந்தப் பக்கம் முதலாவதாக நின்றது ஒரு வெள்ளைக் கார். குளச்சல் பக்கத்து முஸ்லிம் குடும்பம் ஒன்று எங்கேயோ விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் ஆட்டோவிலிருந்து இறங்குவதற்குள், பட்டுச்சேலையில் இருந்த அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ரோட்டோரம் நின்றுவிட்டார். பின்கதவு திறந்து கிடந்தது. கார் ரோட்டின் நடுவிலேயே திரும்பிக்கொண்டிருந்தது.

கேட் கீப்பர் கொடியோடு ஓடிவந்தார். "வண்டி அடுத்த ஸ்டேஷன்ல இருந்து இன்னும் பொறப்படல்ல. கடங்க, கடங்க!" என்றார்.

ஜெபின் கியாராவைக் கையில் ஏந்திக்கொண்டு ஓரத்து நடைவழியில் கால் வைத்தான். அப்போது ரென்சோ அவன் மார்பின் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். அந்த நிலையிலும் அவருக்குள் இருந்த ரயில்காரர் விடவில்லை. தண்டவாளத்தை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், தூரத்துச் சிக்னலைப் பார்த்தார். பிறகு கேட் கீப்பரைப் பார்த்தார். கீப்பர் தலையசைத்தார்.

"அதெஸ்ஸோ!" என்று கத்தினார் ரென்சோ. இப்போது!

கடந்தோம். கார் பாய்ந்தது. காரோட்டிய காக்கா (முஸ்லிம் அண்ணன்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு கேள்வி கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்து, "பயப்படாதங்க, இந்தா வந்தாச்சு, அஞ்சு நிமிசம்" என்று மட்டும் சொன்னார்.

வராந்தாவில்

ஆக்ஸிஜன் வைத்து, மருந்து புகையாகக் கொடுத்து, கியாராவின் உதட்டில் நிறம் திரும்பியபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஜெபின் உள்ளே அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானும் ரென்சோவும் வராந்தா பெஞ்சில் இருந்தோம்.

"எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்று அவரிடம் கேட்டேன். அந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரம் அங்கேதான் இருந்தது. "நொன் லோ ஸோ" என்றார். தெரியவில்லையாம். வழியில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையாம்.

பிறகு, "அந்தக் குடும்பத்தை உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"இறங்கச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லவில்லை. கேட் அடைத்திருக்கும்போது நோயாளி வந்தால், ஆளை அந்தப் பக்கத்து வண்டிக்கு மாற்றிவிடுவோம். முதலில் நிற்கிற வண்டி எதுவோ அது திரும்பிவிடும். அப்படித்தான் இங்கே."

"எப்போதுமா?"

"எப்போதும். எங்கள் அப்பாவை ஒரு தடவை மீன் வண்டியில் மாற்றி ஏற்றினோம்."

அவர் என்னையே பார்த்தார். "இதை ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை? நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்ற வேண்டும் என்று நாம் யாருக்காவது சொல்லிக்கொடுக்கிறோமா? அம்மாவுக்கும் தோன்றவில்லை, ஜெபினுக்கும் தோன்றவில்லை. வில்சன் மட்டும் அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வரி சொன்னான். அதை நான் பெரிய புத்திசாலி மாதிரி விழுங்கிவிட்டேன். அதையும் ரென்சோவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீரோடு வந்த சிரிப்பு அது. எனக்கும் அழுகையாக வந்தது.

வில்சன் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். கேட் திறந்ததும் அந்த அம்மாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வந்து காக்காவிடம் ஒப்படைத்திருக்கிறான். காக்கா உள்ளே எட்டிப் பார்த்து, பிள்ளைக்குச் சுகம்தானே என்று கேட்டுவிட்டு, விருந்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார். ரென்சோ அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அப்போது ரென்சோவின் போன் அடித்தது. மரீசா. மகளுக்கு நடந்ததை ஜெபின் உள்ளேயிருந்து தகவல் அனுப்பியிருந்தான் போல. அந்தப் பக்கம் குரல் உடைந்து உடைந்து வந்தது. ரென்சோ பொறுமையாகச் சொன்னார். மூச்சு சீராகிவிட்டது, சிரிக்கிறாள், நாளைக்குக் கல்யாணம் உண்டு. ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது.

பிறகு மரீசா அவரிடம் கேட்டது போனுக்கு வெளியே என் காதிலும் விழுந்தது. அவளை அங்கே விட்டுவிட்டு வரப் போகிறாயா? வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"விட்டுவிட்டுத்தான் வரப் போகிறேன்" என்றார் ரென்சோ. "ச்சிங்க்வே மினூத்தி."

அஞ்சு நிமிசம். மரீசா விடவில்லை. கேட்டில் மாட்டிய அன்றே இவர் அவளிடம் எல்லாவற்றையும் புலம்பியிருந்தார். அப்படியானால் அந்த ரயில்வே கேட் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

ரென்சோ வில்சனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் ரயிலுக்குக் கொடி காட்டிய அந்த மனிதர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

"இல் பஸ்ஸாஜ்ஜோ ஆ லிவெல்லோ நொன் கோந்தா."

வில்சன் என் பக்கம் குனிந்தான். "சார் என்ன சொல்லுதாரு டீச்சர்?"

"கேட் கணக்குல சேராதுன்னு சொல்லுதாரு."

"இதத்தான டீச்சர், நான் அண்ணைக்கே சொன்னேன்!" என்றான் வில்சன்.